முகவரி இல்லாத பக்கங்கள்

இணையதளங்களை வடிவமைக்கும் தொழிலில் கடந்த முப்பது ஆண்டுகளுக்குள் எத்தனையோ யுக்திகள் ஆரவாரத்தோடு தோன்றி, சில காலம் எல்லாராலும் கையாளப்பட்டு, பின்னர் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துபோயிருக்கின்றன. அவற்றின் மறைவுக்காக யாரும் வருந்தியதில்லை. பிரேம் என்றும் சட்டகம் என்றும் வழங்கிய அமைப்பு மட்டும் அப்படி ஓசையின்றிப் போய்விடவில்லை. பிறந்த சில மாதங்களிலேயே அது ஆக்ஷேபத்துக்கு உள்ளாயிற்று. அடுத்த ஆண்டு நியாயஸ்தலத்தின் படி ஏறிற்று. முடிவில் இணையப் பக்கங்களை எழுதும் மொழியின் இலக்கணத்திலிருந்தே பெயர் சொல்லி நீக்கப்பட்டது. இவ்வளவு தூரம் வழக்காடித் தீர்ந்துபோன ஒரு சாதனத்தின் அநுகூல பிரதிகூலங்களை இப்பொழுது எடைபோடுவானேன் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் விடை இதுதான்: சட்டகம் போயிற்றே தவிர, அதை ஆக்ஷேபிக்கக் காரணமாயிருந்த குற்றம் போகவில்லை, வேறு வேறு வேஷங்களில் அது நாள்தோறும் நம் கைபேசியில் வந்து நிற்கிறது.

கலிபோர்னியாவில் மவுண்டன் வியூ என்னும் ஊரிலிருந்த நெட்ஸ்கேப் ஸ்தாபனத்தார் தங்கள் நேவிகேட்டர் உலாவியின் இரண்டாம் பதிப்பில் இந்த அமைப்பை அறிமுகம் செய்தனர். அப்பதிப்பின் சோதனை வடிவம் 1995-ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும், நிறைவு பெற்ற வடிவம் 1996 மார்ச்சிலும் வெளிவந்தன. அதற்கு முன் ஒரு ஜன்னலில் ஒரு பக்கம் என்பதே நியதி. ஓர் இணைப்பை அழுத்தினால் இருந்த பக்கம் முழுவதும் அகன்று, வேண்டிய பக்கம் முழுவதும் வந்து அமரும். நெட்ஸ்கேப்பின் புதிய ஏற்பாட்டில், திரையை நெடுக்காகவோ குறுக்காகவோ வகிர்ந்து, பிறந்த கட்டம் ஒவ்வொன்றிலும் வெவ்வேறு பக்கத்தைக் குடியேற்றலாம். இடப்புறத்துக் குறுகிய கட்டத்தில் தளத்தின் பொருளடக்கம் அசையாமல் நிற்கும்; அதில் ஒன்றை அழுத்தினால் வலப்புறத்துப் பெரிய கட்டம் மட்டும் மாறும்; மேலே ஒரு பட்டையில் ஸ்தாபனத்தின் பெயரும் சின்னமும் எப்பொழுதும் விளங்கிக்கொண்டிருக்கும். தொண்ணூறுகளின் இறுதியில் இணையத்தைக் கண்டவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாக நினைவிருக்கும்.

இதனால் விளைந்த சௌகரியங்களை இன்றைய அகல அலைவரிசைக் காலத்தில் நின்றுகொண்டு ஏளனம் செய்வது நியாயமாகாது. விதேஷ் சஞ்சார் நிகாம் நம் நாட்டில் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15 அன்று. அக்காலத்து வாசகர் தொலைபேசிக் கம்பி வழியாக, மோடத்தின் கிறீச்சொலியைக் கேட்டுக்கொண்டு, நிமிஷத்துக்கு நிமிஷம் கட்டணம் ஏற ஏறப் பக்கங்களுக்காகக் காத்திருந்தவர். விநாடிக்கு 28,800 பிட் வேகமுள்ள மோடத்தை அன்று வேகமானதென்று கொண்டாடினார்கள்; அதிலும் 30 கிலோபைட் அளவுள்ள ஒரு படப்பட்டை வந்து சேர எட்டு விநாடிக்கு மேல் ஆகும். பக்கத்துக்குப் பக்கம் திரையைத் துடைத்துவிட்டு மறுபடி வரைவதைக் காட்டிலும், பொருளடக்கத்தை ஒருமுறை வரவழைத்து நிலையாக நிறுத்திவிட்டு, மாற வேண்டிய பகுதியை மட்டும் மாற்றுவது புத்திசாலித்தனமான சிக்கனமாகவே தோன்றியிருக்கும்.

தளத்தை நடத்துகிறவருக்கோ லாபம் இன்னும் அதிகம். நூறு பக்கங்கள் கொண்ட ஒரு தளத்தில் புதிதாக ஒரு பிரிவைச் சேர்த்தால், சட்டகம் இல்லாதபோது நூறு கோப்புகளையும் தனித்தனியே திறந்து பொருளடக்கத்தைத் திருத்த வேண்டும். சட்டகம் இருந்தால் ஒரே கோப்பைத் திருத்தினால் போதும். வழங்கியிலேயே பக்கத்தின் பகுதிகளைச் சேர்த்துத் தைத்து அனுப்பும் முறைகள் அன்றும் இருந்தனவெனினும், இலவசமாகக் கிடைத்த இடத்தில் நாலு பக்கம் எழுதிப்போட்ட ஒரு கல்லூரி மாணவருக்கோ ஒரு சங்கத்தின் செயலாளருக்கோ அவை எட்டாக் கனியாக இருந்தன. மேலும், பக்கம் நகர்ந்தாலும் ஒரு பகுதி நகராமல் நிற்கச் செய்யும் விதியை வடிவமைப்பு மொழி 1998-இல் வகுத்துவிட்டபோதிலும், உலகில் பெரும்பாலோர் உபயோகித்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் உலாவி 2006-இல் வெளிவந்த ஏழாம் பதிப்பில்தான் அதற்கு இணங்கிற்று. ஆகவே சட்டகங்களை விடாமல் பற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ரசனை அற்றவர்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது; அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

சட்டகத்தின் அநுகூலம் முழுமையாக வெளிப்பட்ட ஓர் இடத்தைச் சொல்ல வேண்டுமானால் ஜாவா என்னும் கணினி மொழியின் குறிப்பேட்டைச் சொல்வேன். இடப்புறம் மேலே தொகுப்புகளின் பட்டியல், அதன் கீழே அத்தொகுப்பில் அடங்கிய வகுப்புகளின் பட்டியல், வலப்புறம் அகன்ற வெளியில் தேர்ந்தெடுத்த வகுப்பின் விளக்கம் என்று மூன்று கட்டங்களாக அமைந்திருந்த அந்தக் குறிப்பேட்டை உலகெங்கும் நிரலர்கள் ஆண்டுக்கணக்கில் நாள் முழுவதும் திறந்துவைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். ஆயிரக்கணக்கான தலைப்புகளுக்கிடையே அடிக்கடி தாவ வேண்டியவருக்குப் பட்டியல் தன் இடத்திலேயே, தாம் விட்ட நிலையிலேயே நிற்பது எவ்வளவு பெரிய உதவி என்பதை அப்படி வேலை செய்தவர்களே அறிவர். 2017-இல் வந்த ஒன்பதாம் பதிப்பு அதில் ஒரு தேடுபெட்டியைச் சேர்த்தது. 2018-இல் வந்த பதினோராம் பதிப்பு சட்டகங்களைக் கேட்டால் மட்டும் தருவதென்று ஒதுக்கியது. 2019-இல் வந்த பதின்மூன்றாம் பதிப்பு அடியோடு கைவிட்டது. தேடுபெட்டி வேண்டியதை உடனே கொண்டுவந்து தருகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் தேடுவதற்குப் பெயர் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? பெயர் தெரியாதவனுக்குப் பட்டியலைக் கண்ணால் மேய்ந்து கண்டுபிடிக்கும் பாக்கியம் இருந்தது; அது போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தமே.

இத்தனை நன்மைகளையும் ஒரு தட்டில் வைத்தாலும், மறு தட்டில் வைக்க வேண்டிய குற்றம் ஒன்றே ஒன்றுதான். அது இத்தனையையும் தூக்கி எறிந்துவிடுகிறது. ஜெனீவாவுக்கு அருகே செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வலையைக் கற்பனை செய்தபோது அதன் அஸ்திவாரமாக அமைத்த கொள்கை மிக எளியது: ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு முகவரி, அம்முகவரி அறிந்த எவரும் எங்கிருந்தும் அப்பக்கத்தை அடையலாம், எந்தப் பக்கமும் எந்தப் பக்கத்தையும் சுட்டலாம். சட்டகம் இந்த மூன்றையும் ஒருங்கே குலைத்தது. உலாவியின் மேலே தெரியும் முகவரி சட்டகங்களைத் தாங்கும் வெளிக்கூட்டின் முகவரியே. உள்ளே வாசகர் பத்துப் பக்கம் கடந்து பதினொன்றாம் பக்கத்தில் நின்றாலும் அந்த எழுத்துகளில் ஒன்றும் மாறாது. தெருவுக்கு ஒரே கதவிலக்கம் காட்டி உள்ளே பத்துக் குடித்தனங்கள் அடைந்து கிடக்கும் ஒண்டுக்குடித்தன வீட்டுக்கு வந்த தபால்காரரைப் போல, அந்த முகவரியை நம்பி வந்தவர் வாசலில் நின்று, யாரைப் பார்க்க வந்தோம் என்று விழிக்க வேண்டியதாயிற்று.

இதிலிருந்து கிளைத்த தொல்லைகள் பல. பிடித்த கட்டுரையைப் புக்மார்க் செய்துவைத்தவர் மறுநாள் திறந்தால் தளத்தின் முகப்புதான் வரும். நண்பருக்கு மின்னஞ்சலில் முகவரி அனுப்பினால், 'இடப்புறத்தில் மூன்றாவதை அழுத்து, பிறகு அதில் இரண்டாவதை அழுத்து' என்று வழிக்குறிப்பும் சேர்த்து எழுத வேண்டும். அச்சிடப் போனால் கடைசியாக எந்தக் கட்டத்தில் சொடுக்கினோமோ அந்தக் கட்டம் அச்சாகும். அநேகமாக அது பொருளடக்கமாக இருக்கும். எல்லாவற்றிலும் விபரீதம் நேவிகேட்டரின் அந்த இரண்டாம் பதிப்பில் பின்செல்லும் பொத்தான் நடந்துகொண்ட விதம்: ஒரு படி பின்னால் போக நினைத்து அதை அழுத்தினால், சட்டகங்கள் அனைத்தையும் விட்டு, தளத்துக்கே வெளியே கொண்டுபோய்த் தள்ளிவிடும்! மூன்றாம் பதிப்பில் இதைச் சரிசெய்தார்கள். டென்மார்க்கில் பிறந்து அப்பொழுது ஸன் மைக்ரோசிஸ்டம்ஸில் பணியாற்றிவந்த யாக்கோப் நீல்சன், 1996 மே மாதத்தில் வலை வடிவமைப்பின் பத்துப் பெரும் பிழைகளைப் பட்டியலிட்டபோது சட்டகத்தை முதல் ஸ்தானத்தில் வைத்தார். அவ்வாண்டு டிசம்பரில் அதைக் கண்டிப்பதற்கென்றே தனிக் கட்டுரையும் எழுதினார். 'பெரும்பாலும்' என்ற ஒரு சொல்லை அதன் தலைப்பில் சேர்த்துக்கொண்டது அவருடைய நிதானத்தைக் காட்டுகிறது. அவர் பணியாற்றிய அதே ஸ்தாபனம்தான் மேலே சொன்ன ஜாவாக் குறிப்பேட்டைப் பின்னர் சட்டகங்களில் அமைத்தது என்பது ஒரு வேடிக்கை.

தேடுபொறிகள் பெருகியபோது நிலைமை தலைகீழாகி இன்னும் கெட்டது. தேடுபொறி ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே படித்துச் செல்வதால், அதன் வழியாக வந்த வாசகர் நேராக உள்கட்டத்துப் பக்கத்தில் இறங்குவார். சுற்றிலும் இருக்க வேண்டிய பொருளடக்கமும் இல்லை, தளத்தின் பெயரும் இல்லை, அடுத்து எங்கே போவதென்ற குறிப்பும் இல்லை. இதைக் கண்டு தளத்தார் செய்த நிவர்த்தி, தனித்து வந்த பக்கத்தைக் கண்டுகொண்டு வெளிக்கூட்டுக்கே திருப்பி அனுப்பும் ஒரு சிறு நிரல். அதனால் வாசகர் தேடி வந்த பக்கத்தை இழந்து மறுபடியும் முகப்பில் நின்றார். நோயைவிட மருந்து கொடியதாயிருந்ததற்கு வேறு உதாரணம் வேண்டியதில்லை.

கண்பார்வையற்றவர்களின் சங்கடத்தை அந்நாளில் நினைத்தவர் மிகச் சிலர். பக்கத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டும் மென்பொருள் சட்டகங்களுக்குள் நுழையும்போது, முதலில் அவற்றின் பெயர்களைத்தான் சொல்ல முடியும். பெயர்களோ 'இடது', 'நடு', 'மேல் இரண்டு' என்ற பாணியில், செய்தவருக்கு மட்டும் அர்த்தமாகும்படி இருந்தன. 1999 மே மாதத்தில் வலைக் கூட்டமைப்பு வெளியிட்ட அணுகல்தன்மை நெறிமுறைகள், ஒவ்வொரு சட்டகத்துக்கும் அதன் உள்ளடக்கம் விளங்கும்படி தலைப்பிட வேண்டுமென்று தனியாக ஒரு விதி எழுத நேர்ந்தது.

இனி வழக்கு. 1997-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வாஷிங்டன் போஸ்ட், சி.என்.என்., டைம், டவ் ஜோன்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ், ராய்ட்டர்ஸ் ஆகியவை சேர்ந்து டோட்டல் நியூஸ் என்ற சிறு தளத்தின்மீது நியூயார்க் நியாயஸ்தலத்தில் வியாஜ்யம் தொடுத்தன. அந்தத் தளத்தார் செய்தது இதுதான்: ஒரு கட்டத்தில் இப்பெரும் பத்திரிகைகளின் பக்கங்களைக் காட்டி, சுற்றிலுமுள்ள கட்டங்களில் தங்கள் சின்னத்தையும் தாங்கள் பிடித்த விளம்பரங்களையும் வைத்தார்கள்; முகவரியும் அவர்களுடையதாகவே தெரிந்தது. ஓர் எழுத்தும் திருடவில்லை, ஒரு படமும் பிரதியெடுக்கவில்லை. ஆயினும் ஊரார் உழைப்பில் தங்கள் கடையை அலங்கரித்துக்கொண்டார்கள். அவ்வாண்டு ஜூனில் சமரசம் ஏற்பட்டு, பத்திரிகைகளுக்கு இணைப்பு மட்டும் கொடுக்கலாம், சட்டகத்துக்குள் அடைக்கலாகாது என்று முடிந்ததால், நீதிபதியின் தீர்ப்பு என்று ஒன்று பிறக்கவேயில்லை. பின்னாளில் இந்த வினாவைச் சந்தித்த நீதிமன்றங்கள் ஒருமுகமாகப் பேசவும் இல்லை. 2007-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, படம் வேறொருவரின் வழங்கியில் இருக்கும்வரை அதைச் சட்டகத்தில் காட்டிய கூகுள் அதைக் காட்சிப்படுத்தியதாகாது என்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2014-இல், எல்லாருக்கும் திறந்துவைத்ததைச் சட்டகத்தில் காட்டுவது உரிமை மீறலன்று என்று கருதி, 2021 மார்ச்சில், உடையவர் தொழில்நுட்பத் தடுப்புகள் வைத்திருந்தால் அவருடைய அநுமதி வேண்டும் என்று வரம்பிட்டது. இவற்றுள் கடைசியாகச் சொன்னதே என் அபிப்பிராயத்துக்கு இசைந்தது. திறந்த கதவு உள்ளே வரச் சொல்லுமேயன்றி, வீட்டையே பெயர்த்துக்கொண்டுபோய்த் தன் முற்றத்தில் நிறுத்திக்கொள்ளச் சொல்லாது.

சட்டகத்தை ஏமாற்றுக்கும் பயன்படுத்தலாம் என்பது 2008-இல் உலகுக்குத் தெளிவாயிற்று. ஒரு தளத்தைக் கண்ணுக்குத் தெரியாத சட்டகத்தில் வைத்து, அதன் அடியில் கவர்ச்சியான ஒரு பொத்தானை அமைத்துவிட்டால், பொத்தானை அழுத்துவதாக நினைத்தவர் உண்மையில் தம் கணக்கிலுள்ள ஏதோ ஒன்றை அழுத்திவிடுவார். ஜெரமையா கிராஸ்மன், ராபர்ட் ஹான்சன் என்ற இரு பாதுகாப்பு ஆய்வாளர்கள் இதைப் பகிரங்கப்படுத்திய மறு ஆண்டே, 'என்னைப் பிறர் சட்டகத்தில் வைக்காதீர்' என்று ஒரு தளம் உலாவிக்கு அறிவிக்கும் ஏற்பாடு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் எட்டாம் பதிப்பில் வந்தது. பத்திரிகைகள் நீதிமன்றத்தில் கேட்ட பாத்தியதையை, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு வரிக் கட்டளை வழங்கிவிட்டது.

இணையப் பக்கங்களை எழுதும் மொழியின், 1997 டிசம்பரில் வெளியான பதிப்பாகிய எச்.டி.எம்.எல். 4.0 சட்டகங்களுக்கென்று தனி வகையையே ஒதுக்கி அங்கீகாரம் அளித்திருந்தது. 2014 அக்டோபர் 28-இல் நிறைவேறிய எச்.டி.எம்.எல். 5 அதை ரத்து செய்து, இனி எவரும் எழுதலாகாதென்று விலக்கிற்று. பழைய பக்கங்கள் பாழாகிவிடக் கூடாதென்று உலாவிகள் மட்டும் இன்னும் அவற்றைத் திறந்து காட்டுகின்றன. ஆனால் 1996-இல் மைக்ரோசாஃப்ட் தன் உலாவியின் மூன்றாம் பதிப்பில் கொண்டுவந்த ஐஃப்ரேம் என்ற உட்சட்டகத்தை எவரும் நீக்கவில்லை, நீக்கவும் முடியாது. ஒரு செய்திக்கு நடுவே வரும் யூடியூப் காட்சியும், கல்யாண மண்டபத்துக்கு வழி காட்டும் வரைபடமும் அதன் உபயத்தால் வருபவை. இணையக் கடைகள் பலவற்றில் நாம் அட்டை எண்ணைத் தட்டச்சு செய்யும் கட்டம், கடையின் பக்கத்தில் இருப்பதுபோல் தோன்றினாலும், பணம் வசூலிக்கும் ஸ்தாபனத்துக்குச் சொந்தமான சட்டகமாக இருக்கிறது. இரண்டும் வெவ்வேறு தளங்களிலிருந்து வந்தவை ஆதலால், கடையின் நிரல் அதற்குள் எட்டிப் பார்த்து எண்ணைப் படிக்க உலாவி விடாது. பழைய சட்டகத்துக்கும் இதற்கும் உள்ள பேதம் ஸ்தானத்தில்தான்: அது பக்கங்களுக்கு எஜமானாக மேலே ஏறி உட்கார்ந்தது, இது ஒரு பக்கத்துக்குள் அடக்கமாக விருந்தினராக இருக்கிறது. பக்கத்தின் முகவரி பக்கத்துக்கே இருக்கிறது.

இப்பொழுது முதலில் சொன்ன வேஷங்களுக்கு வருவோம். 2010-இல் ட்விட்டர் தன் பக்கங்கள் அனைத்தையும் ஒரே பக்கமாக்கி, உள்ளடக்கத்தை மட்டும் நிரலால் மாற்றி மாற்றிக் காட்டி, முகவரியின் வாலில் ஒரு வினோதக் குறியை ஒட்டிச் சமாளித்தது. பக்கம் திறப்பது தாமதமாகிறதென்று கண்டு 2012-இல் பழைய முறைக்குத் திரும்பிற்று. முகவரியை ஒழுங்காகப் புதுப்பிக்கும் வசதி உலாவிகளில் வந்துவிட்ட பிறகும், அதை உபயோகிக்கச் சோம்பும் தளங்கள் இன்றும் உண்டு. விண்ணப்பங்களும் சான்றிதழ்களும் வழங்கும் எத்தனையோ தளங்களில் எங்கே சென்றாலும் முகவரி ஒன்றாகவே நிற்கிறது. 'பின்செல்லும் பொத்தானை அழுத்தாதீர்கள்' என்ற எச்சரிக்கையும் சிவப்பு எழுத்தில் மின்னுகிறது. தன் பிழைக்கு வாசகரின் விரலைக் குற்றஞ்சாட்டும் துணிவு இணையதளங்களுக்குத்தான் உண்டு. கூகுள் 2015-இல் தொடங்கிய ஏ.எம்.பி. திட்டத்தில், பத்திரிகைகளின் கட்டுரைகள் கூகுளின் முகவரியிலேயே திறந்தன. டோட்டல் நியூஸ் செய்தபோது வழக்காடிய பத்திரிகைத் தொழில், இம்முறை தேடலில் முதலிடம் கிடைக்கும் என்பதற்காக ஒப்புக்கொடுத்தது. சமூக ஊடகச் செயலிகளோ, நாம் அழுத்திய இணைப்பைத் தங்கள் உள்ளேயே ஒரு ஜன்னலில் திறந்து, மேலே தங்கள் பட்டையை வைத்துக்கொள்கின்றன. 1996-இன் சட்டகத்துக்கும் இதற்கும் நிறம்தான் வேறு.

ஒரு பள்ளிக்கோ கோயிலுக்கோ கடைக்கோ இணையதளம் செய்யக் கொடுப்பவர் எச்.டி.எம்.எல். படித்திருக்க வேண்டியதில்லை. வேலை முடிந்ததென்று காட்டும்போது உள்ளே ஆழமாக ஒரு பக்கத்துக்குப் போய், மேலே தெரியும் முகவரியை அப்படியே எடுத்து, ஊரில் இருக்கும் உறவினர் ஒருவரின் கைபேசிக்கு அனுப்பி, அவருக்கு எந்தப் பக்கம் திறக்கிறதென்று கேட்கட்டும். பிறகு பின்செல்லும் பொத்தானை இரண்டு முறை அழுத்திப் பார்க்கட்டும். அந்தப் பக்கத்தை அச்சிட்டும் பார்க்கட்டும். மூன்றில் ஒன்று தவறினாலும், செய்தவர் என்ன காரணம் சொன்னாலும், கடைசித் தவணைப் பணத்தை அன்றைக்குக் கொடுக்க வேண்டியதில்லை.